ஆள்காட்டி

விண்ணப்பம் பச்சைக் கோப்பில் வந்தது.
குழிகள் பன்னிரண்டு, முழங்கை ஆழம்.
வளைத்த வெண்கலக் கழிகள் பன்னிரண்டு,
உச்சியில் ஒன்றோடொன்று கட்டியவை.
கூரை இல்லை. பாய் இல்லை. வாசல் கிழக்கே.
விண்ணப்பதாரர் கட்ரீனா கீவித்,
கோய் இனத்தவர், சிற்பி.
தொழில் என்ற கட்டத்தில் மட்டும்
'வெல்டிங்' என்று எழுதியிருந்தார்.

பூங்காவுக்கு ஒரு கவர்னரின் பெயர்.
ஊருக்கு இப்போதுதான் ஆற்றின் பெயர் திரும்பியிருக்கிறது;
அதன் முதல் ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை,
நாக்கை மேலண்ணத்தில் சொடுக்க வேண்டும்.
அலுவலகத்தில் பாதிப்பேர் இன்னும் போர்ட் எலிசபெத் என்கிறார்கள்.
அவசரத்தில் நானும்.

சட்டம் சுருக்கமானது:
அறுபது ஆண்டு தாண்டிய கட்டடம் எதையும்
கேட்காமல் தொடக் கூடாது.
பிரபவ தொடங்கி அட்சய முடிய ஒரு சுற்று,
அவ்வளவு போதும், எதுவும் பாரம்பரியமாகிவிடும்.
பேண்டு மண்டபம் ஆகிவிட்டது.
குதிரைகள் நீர் குடித்த தொட்டி,
பௌலிங் கிளப்பின் தகரக் கூரை,
அதில் ஒழுகும் மூலைகூட.

இந்த இடத்தில் இதற்கு முன் கட்டுமானம் ஏதேனும் இருந்ததா?
ஆம்.
எந்த ஆண்டு?
பல ஆண்டுகள். பிரித்து மாட்டின் முதுகில் ஏற்றினோம்,
புல் வளர்ந்ததும் வந்து கட்டினோம்.
ஆதாரம்?
அந்தக் கட்டத்தில் பென்சிலால் ஒரு வட்டம்.

பென்சில் ஏற்கப்படாது என்று திருப்பி அனுப்பினேன்.
அதே வட்டம்
பேனாவில் வந்தது.

ஆட்சேபங்கள் நாற்பத்தொன்று.
மண்டபத்திலிருந்து பார்வைக்கோடு மறையும் என்று பதினேழு.
(போய் அங்கே நின்று பார்த்தேன்.
கார் நிறுத்துமிடம் தெரிந்தது.)
பூங்காவின் குணத்துக்கு ஒவ்வாது என்று ஒன்பது.
ஒருவர், நடுங்கும் கையெழுத்தில்:
முடிக்காமல் விட்ட வேலை போல இருக்கிறது.
அதை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

பழைய வரைபடம் தேடிக் கீழ்த்தளம் போனபோது
சவுத் எண்டின் இழுப்பறை கையோடு வந்துவிட்டது.
எங்கள் தெரு. இடிப்பு அனுமதி.
கேட்டது அரசு, கொடுத்தது அரசு,
இரண்டும் ஒரே செவ்வாய்க்கிழமை.
ஆட்சேபங்கள் என்ற இடத்தில் ஒரு கோடு.
கட்டடத்தின் வயது: ஐம்பத்தெட்டு.
இழுப்பறை மூட மறுத்தது,
முழங்காலால் தள்ள வேண்டியிருந்தது.

கீவித், ஆஃப்ரிகான்ஸில், ஒரு பறவை.
நம் ஆள்காட்டியின் பங்காளி,
ஆள் வந்தால் கத்தி ஊரைக் கூட்டும்.
"யாரோ பண்ணைக்காரன்
கூலிக் கணக்கில் எங்களுக்கு வைத்த பெயர்,"
அளவு நாடாவை இழுத்தபடி சொன்னார் கட்ரீனா.
"உங்களுடையது?"
"எங்களுடையதுதான். எழுத்து மட்டும்
கப்பல் குமாஸ்தாவுடையது, பிழையோடு."

ஏழாம் குழிக்கு முளையடிக்கக் குனிந்தபோது
தலைக்கு மேல் அலறல்.
புல் தேய்ந்த மண்ணில் சின்னப் பள்ளம்,
மூன்று முட்டை, புள்ளி தெறித்த களிமண் நிறம்.
கூடென்று சொல்ல நாலு துரும்பு இருந்திருக்கலாம்.
இறக்கை என் காதை உரசுமளவு தாழ்ந்து
போனது, வந்தது, மறுபடி வந்தது.

கட்ரீனா முளையைப் பையில் போட்டுக்கொண்டார்.
"கீவித்துக்குக் கீவித்தே எதிர்ப்பு,"
குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
"நாற்பத்திரண்டு என்று திருத்திக்கொள்ளுங்கள்,
மிஸ்டர் படையாச்சி."

அனுமதி கிடைத்தது,
நிபந்தனைகள் பதினான்கு.
இரவு விளக்கு கூடாது, மண்டபத்தைவிட உயரம் கூடாது,
இப்படிப் பதின்மூன்று கமிட்டி போட்டது.
கடைசி என்னுடையது:
குஞ்சுகள் இடம்பெயரும் வரை
ஏழாம் குழி தோண்டலாகாது.
காரணம் என்ற கட்டத்தில்
'இங்கே குடியிருப்போர் உள்ளனர்' என்று எழுதியிருந்தேன்.

மேலதிகாரி அதை அடித்துவிட்டு
'பறவைகள்' என்று திருத்தினார்.